இரண்டு தலை

ஜெல் கழுவிய வினாகிரி மணம்
விரலில் இன்னும் இருக்கிறது.
பதினொரு பாதை, பதினொரு பேர்.
நீலம் ஏறிய கோடுகளை வெளிச்சப் பெட்டியில் வைத்து
வழமைபோல முதலில் காமாப் பக்கம் போனேன்.
அங்கேதானே எங்களுக்குப் பயம்:
எல்லாரும் கலைந்து நிற்கவேண்டிய இடத்தில்
ஒருவன் மட்டும் தன்னையே படியெடுத்துப் படியெடுத்துக்
கம்பிபோல் இறுகி நிற்பான்.
அப்படி ஒன்றைக் கண்ட நாளில்
மத்தியானச் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்க மனம் வராது.

இன்று காமா நல்ல பிள்ளை.
பிழை மறுகரையில்.
ஏழாம் பாதையில்,
மணிக்கூட்டுக் கோபுரம்போல் ஒற்றையாய் நிற்கவேண்டிய அல்புமின்
உச்சியில் பிளந்து
இரண்டு தலையோடு என்னைப் பார்த்தது.

முதலில் என் கையைத்தான் சந்தேகித்தேன்.
இரண்டுதரம் துளி விட்டேனோ,
கரன்ட் போய் ஜெனரேட்டர் பிடித்த அந்த அரை நிமிடத்தில்
புரதங்கள் ஓட்டத்தை மறந்து நின்றனவோ.
புது ஜெல். புதுத் துளி.
ரியூப்பில் இருந்த பெயரை வாய்விட்டு வாசித்தேன்:
கனகாம்பிகை வைத்திலிங்கம், அறுபத்தொன்று, சுழிபுரம்.
மறுபடி இரண்டு தலை.

அடுத்தது மருந்து.
பென்சிலின் கிழமைக்கணக்காய் ஏறினால்
அல்புமினின் முதுகில் தொற்றிக்கொண்டு
அதில் பாதியை முந்தி ஓடவைக்கும்.
கிளினிக்குக்குப் போன் எடுத்தேன்.
"அப்பிடி ஒண்டும் குடுக்கேல்லை மிஸ்.
நாரி நோ எண்டுதான் வந்தவ."
கணையம்?
"ஸ்கானில வடிவாத்தான் இருக்கு."

ஆக, பிறவி.
தாயோ தகப்பனோ கொடுத்த ஓர் எழுத்துப்பிழை
அறுபத்தொரு வருசம்
ஒருவருக்கும் நோகாமல் ஓடியிருக்கிறது.

குறிப்புப் பெட்டியில் இரண்டு வரிக்குத்தான் இடம்.
தீங்கற்ற வேறுபாடு, சிகிச்சை வேண்டாம் என்று
ஆங்கிலத்தில் அடித்தேன்.
பரம்பரை என்ற சொல்லில் விரல் நின்றது.

இதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அலுமாரியின் கீழ்த்தட்டு. கறையான் விட்டுவைத்த பைல்.
நாலு வருசத்துக்கு முந்தின ஓர் ஆடி மாதம்.
அந்தோனிப்பிள்ளை எமிலியான், ஐம்பத்தெட்டு, பாசையூர்.
வள்ளத்து எஞ்சின் திருத்துகிறவர்;
கையெழுத்துப் போட்ட இடத்தில் கிறீஸ் விரல் பதிந்திருந்தது.
இரண்டு வரைபையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து
யன்னல் வெயிலுக்குப் பிடித்தேன்.
தலைக்குமேல் தலை.
பள்ளத்துக்குள் பள்ளம்.

ஒரே தூரம் ஓடினால் ஒரே பிழை என்று அர்த்தமில்லை.
தெரியும்.
ஜெல் மின்னேற்றத்தைத்தான் பார்க்கும்,
வம்சத்தைப் பார்க்காது.
ஆனாலும்
ஆறே ஓடாத இந்த ஊரில்
சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால்
எந்தக் கிணறு எந்தக் கிணற்றோடு
இரவில் தண்ணீர் மாற்றிக்கொள்கிறது என்று
ஆர் கண்டது?
தேவாலயக் கிணறோ கோயில் கிணறோ
கல்லுக்கு அந்தக் கணக்குத் தெரியாது.

மூன்று மணிக்கு அவவே வந்தா, றிப்போட் எடுக்க.
மடிப்புக் குலையாத சேலை, கையில் குடை.
"என்னவாம் பிள்ளை?"
"டொக்டர்தான் சொல்லுவார், அம்மா.
பயப்பிட ஒண்டுமில்லை."
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்
கவுண்டரிலேயே வாசித்தா;
முப்பது வருசம் சங்கத்தில் கணக்கு எழுதிய கண்.
"பரம்பரை எண்டு போட்டிருக்கு.
ஆரின்ர பக்கத்தால?"
"அது இதில தெரியாது."
உண்மையைத்தான் சொன்னேன்.
என் குரல்தான் பொய்போல் கேட்டது.
"எங்கட ஆக்களுக்கு இப்பிடி ஒண்டும் இல்லையே.
கேக்கிறதெண்டாலும் ஆரைக் கேக்கிறது?
நான் தனிப்பிள்ளை."

ஒட்டோ ஒன்று அவவை ஏற்றிக்கொண்டு போனது.

பைலில் திகதிப்படி அடுக்குவதுதான் எங்கள் வழக்கம்.
எமிலியானுக்கும் கனகாம்பிகைக்கும் நடுவில்
நாலு வருசத்துத் தாள்.
ஒருதரம் இரண்டையும் சேர்த்துக் கிளிப் போட்டேன்.
தேநீர் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.
பிறகு கழற்றி
அவரவர் திகதிக்குள் வைத்தேன்.

கிளிப்பின் பல் பதிந்த தடம் மட்டும்
இரண்டு தாளிலும்
ஒரே இடத்தில்.